மாறிப்போன செருப்பும் உன் தலைமேல் ஒரு சத்தியமும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே எல்லாரும் நலம்னு ஒவ்வொரு தடவையும் கைப்பழக்கத்துல எழுதிடுவேன், நீயும் கண்பழக்கத்துல அதைத் தாண்டிப் போயிருப்பே. இந்தத் தடவை ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துட்டு வந்து எழுதறேன்ப்பா. உங்கப்பா நலம், வாசல்ல உக்காந்து மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருக்கார். உன் தங்கச்சி நலம், ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை முடிஞ்சு வந்து குறட்டை விட்டுத் தூங்கறா. நான் நலம், முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேங்குது, அது இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் போக்கிடம் வேணுமில்ல. அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் இதே மாதிரி சிரிச்ச முகமா இருக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு எழுத ஆசைதான், ஆனா ஒண்ணு வேணும், அதைக் கேக்கத்தான் இவ்வளவு பெரிய கடிதம். சின்ன வயசுல கணக்குப் புத்தகத்துல கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்ப்பியே, அந்த வேலையை இங்கே பண்ணாதே, வரிசையாப் படி.

தினமும்தான் போன்ல பேசறோமே, இப்ப என்ன புதுசா கடிதம்னு கேப்பே. போன்ல உன்கிட்ட நான் எங்கேடா பேசினேன். நம்ம பிரார்த்தனைக் கூடத்துல குண்டு வெடிச்ச அன்னிக்கு நீ அழுதே, நான் அழுதேன். மறுநாள் நீ கோவப்பட்டே, நானும் கோவப்பட்டேன். அதுக்கப்புறம் வீட்டை வித்துட்டு இங்கே வந்துடுங்கன்னு நீ ஆரம்பிப்பே, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பேத்தி போனைப் பிடுங்கிக்குவா. போதாததுக்கு உங்கப்பா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார், அவரை வெச்சுக்கிட்டே அவரைப் பத்தி என்னத்தைப் பேசறது. கடிதத்துல ஒரு சௌகரியம், நீ குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு நாளைக்கு உங்க ஊருக்குக் கிளம்பறா, அவ பெட்டியில போட்டு அனுப்பறேன். கூடவே பேத்திக்கு ஒரு கவுன் வெச்சிருக்கேன், மஞ்சள் கலர், கொஞ்சம் பெரிசா இருக்கும், வளர்ற பிள்ளைதானே. அந்தக் கவுனுக்கு ஒரு கதை இருக்கு, அதுவும் இதுலயே வரும்.

அன்னிக்கு டிவியில நீ பார்த்தது வேற, இங்கே நடந்தது வேற. புகையைக் காட்டினான், உடைஞ்ச ஜன்னலைக் காட்டினான், திரும்பத் திரும்ப அதையே காட்டினான். அந்தப் புகைக்கு ரெண்டு தெரு தள்ளி உங்கப்பா அடுத்த ஆளோட செருப்பை மாட்டிக்கிட்டு நிம்மதியா கடையில உக்காந்திருந்ததை எந்தச் சேனல்காரனும் காட்டலை. அவரைப் பத்தி உனக்குத் தெரியாததா. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடற மனுஷன், தன் மூக்குல ஒண்ணை மாட்டிக்க மாட்டார். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு சரியில்லையேன்னு வர்றவங்க நினைப்பாங்களாம். அந்த வீம்புக்கு இதுவரைக்கும் எத்தனை பேர் செருப்பு பலியாச்சுன்னு எனக்கே தெரியாது. உன் கல்யாணத்துல சம்பந்தியோட செருப்பைப் போட்டுக்கிட்டு இவர் ஜம்முனு நடக்க, அந்த மனுஷன் வெறுங்காலோட கார் வரைக்கும் தத்தித் தத்திப் போனது மருமகளுக்கு இன்னும் மறந்திருக்காது. அன்னிக்குக் காலையில நம்ம பிரார்த்தனைக் கூடத்துல வாரப் பிரார்த்தனை. பிரார்த்தனை முடிஞ்சா ஒரு பேச்சு இருக்கும், அதுக்கும் எல்லாரும் உக்காந்திருப்பாங்க. உங்கப்பா மட்டும் அன்னிக்குக் கண் பரிசோதனைக்கு ஆள் வரச் சொல்லியிருந்ததால பேச்சுக்கு முந்தியே எழுந்து வந்திருக்கார். வாசல்ல செருப்பு விடற இடத்துல தன்னோடதுன்னு நினைச்சு ஒரு ஜோடியை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டார். போற வழியில, ஆகா, செருப்பு இப்பதான் காலுக்குப் பழகி மெத்துமெத்துன்னு வந்திருக்குன்னு வேற நினைச்சாராம். அது கடைவீதித் தையல்காரரோட புதுச் செருப்பு. வருஷம் பூரா தையல்கூலி தள்ளுபடின்னு கடையில போர்டு தொங்கும், கூலி மட்டும் காலணா குறையாது, அவரேதான்.

அந்தத் தையல்காரருக்குப் பேச்சு நடுவுல போன் வந்திருக்கு. பேசலாம்னு வெளியே வந்தவர் செருப்பைத் தேடினா, புதுச் செருப்பு இருந்த இடத்துல வார் அறுந்து தைச்ச ஒரு பழஞ்செருப்பு பல்லை இளிச்சிட்டு இருந்திருக்கு. அவ்வளவுதான், மனுஷன் சாமி வந்த மாதிரி ஆடிட்டார். அவர் குரல் உனக்குத் தெரியுமே, இங்கே பேசினா அடுத்த தெருவுல குழந்தை எழுந்திருக்கும். எவன் என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனானோ அவன் என் கையில கிடைக்கட்டும், அதே செருப்பால அவனை அடிக்காம விடமாட்டேன், இந்தக் கூடத்து வாசல்ல நின்னு சொல்றேன், இது சத்தியம்னு கத்தியிருக்கார். உள்ளே பேச்சோ ரொம்பச் சுமார், பாதிப் பேர் தலையை ஆட்டிக்கிட்டே தூங்கிக்கிட்டிருந்தாங்களாம். வெளியே சண்டைன்னதும் தூக்கம் எங்கே போச்சோ, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா என்னாச்சு என்னாச்சுன்னு எழுந்து வந்துட்டாங்க. நம்ம ஜனங்களுக்கு வேடிக்கை பார்க்கறதுன்னா சோறு தண்ணி வேண்டாமே. பெண்கள் பக்கமும் காலி. பேச்சாளர் மைக்குல அமைதி அமைதின்னு சொல்லிப் பார்த்துட்டு, ஆளில்லாத இடத்துல யாருக்கு அமைதின்னு அவரும் இறங்கி வந்துட்டார். கடைசியா சாவி அண்ணன், அதான் கூடத்துச் சாவியை இடுப்புல கட்டிக்கிட்டு அலைவாரே காவல்காரர், அவரும் வந்தார். வந்தவர் திரும்பிப் பார்த்தா ஆளில்லாம எல்லா ஃபேனும் ஓடுது. கரண்டு வீணாகுதேன்னு அணைக்கறதுக்கு அவர் மட்டும் உள்ளே போனார். அப்பத்தான் வெடிச்சது. தூணுக்குப் பின்னாடி எவனோ ஒரு பையில வெச்சிட்டுப் போயிருக்கான். தையல்காரர் வழக்கமா சாஞ்சு உக்கார்ற தூணுதான்டா அது.

எனக்கு அப்ப இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுக் கொடியே ஆடுச்சு. யாரோ கூடம் கூடம்னு கத்தினாங்க, எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன்னு கேட்டா சொல்லத் தெரியலை, முட்டிவலி இருந்ததான்னுகூட ஞாபகமில்ல. உங்கப்பா போனை அடிச்சா எடுக்கலை. பிரார்த்தனைக்காகச் சத்தத்தை நிறுத்தினவர் திரும்பப் போட மறந்திருக்கார், என்னைக்கு ஞாபகமாப் போட்டார். தெரு முழுக்கப் புகை, அழுகை, ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். போலீஸ்காரர் உள்ளே விடலை. நான் செருப்பு விடற இடத்தைப் பார்த்தேன். அத்தனை செருப்பும் சிதறிக் கிடக்கு, நடுவுல உங்கப்பா செருப்பு. எனக்கு எப்படித் தெரியும்னா, வார் அறுந்தப்ப நான்தானே நீலநூல் போட்டுத் தைச்சேன், பழுப்பு நூல் தீர்ந்துபோச்சுன்னு. செருப்பு இங்கே இருக்கு, அப்ப ஆள் உள்ளே இருக்கார். நான் அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். அழுகைகூட வரலை. அப்போ வெறுங்காலோட ஒரு ஆள் எதிர்ல வந்து நின்னு, இந்தச் செருப்பு யாரோடதுன்னு தொண்டை கிழியக் கேக்கறார். பார்த்தா தையல்காரர். என் வீட்டுக்காரரோடதுன்னு சொன்னேன். அவர் வாயைப் பிளந்தவர் மூடலை. அப்புறம் என் முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, அக்கா அழாதீங்க, உங்க வீட்டுக்காரர் உள்ளே இல்ல, அவர் என் செருப்புல இருக்கார்னார்.

எனக்கு ஒண்ணுமே புரியலை. பாவம், இந்த ஆளுக்கு அதிர்ச்சியில புத்தி பேதலிச்சிடுச்சுன்னுதான் நினைச்சேன். அவர் கையைப் பிடிச்சு இழுக்காத குறையா கடைக்குக் கூட்டிக்கிட்டு ஓடினார். ரெண்டு பேரும் வெறுங்கால், என் கையில மட்டும் ஒரு ஜோடிச் செருப்பு. கடையில உங்கப்பா சுவத்துல எழுத்துப் பலகையைக் காட்டி ஒரு அம்மாவைப் படிக்கச் சொல்லிக்கிட்டிருக்கார். காலடியில தையல்காரர் செருப்பு. வெடிச்ச சத்தம் கேட்டுச்சாம், லாரி டயர்னு நினைச்சாராம். வாசல்ல நிக்கறது நான்தான்னு தெரிய அவருக்குக் கொஞ்சம் நேரமாச்சு, கிட்டப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் செருப்பில்லாம வந்திருக்கே, கையில வெச்சுக்கிட்டு வெறுங்காலோட நடக்கறியே, தரை சுடலையான்னு. நான் அந்தச் செருப்பைக் கீழே போட்டுட்டு ரெண்டு கையாலயும் அவர் நெஞ்சுல குத்தினேன், அப்புறம் அதே நெஞ்சுல சாஞ்சுக்கிட்டு அழுதேன். கண் பரிசோதனைக்கு வந்த அம்மாவும் காரணம் தெரியாம கூடச் சேர்ந்து அழுதுச்சு. நம்ம வீட்டுல சந்தோஷத்துக்கு அழுததுன்னா நீ பொறந்தப்ப, தங்கச்சி பொறந்தப்ப, அதுக்கப்புறம் இதுதான்.

உன் தங்கச்சி பட்ட பாட்டை அவ உன்கிட்டச் சொல்லியிருக்க மாட்டா, அழுத்தக்காரி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவளுக்குத்தான் வேலை. ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாம முதல்ல காலைத்தான் பார்த்தாளாம், அப்பா காலை எங்கே பார்த்தாலும் தெரியும்னு. கண்ணாடிச் சில்லு குத்தித் தையல் போட்டவங்க நிறையப் பேர், எல்லாரும் வீடு திரும்பிட்டாங்க. ஒரு உயிர் போகலைடா. இவ்வளவு பெரிய கூடத்துல, ஒரு உயிர் போகலை. சாவி அண்ணனுக்கு மட்டும் இடது கால் கணுக்காலுக்கு மேல போயிடுச்சு. வெச்சவன் எந்தக் கூட்டம், அவனுக்கு யார்மேல கோவம்னு டிவியில ஆளுக்கொண்ணு சொல்றாங்க, ரெண்டு பேரைப் பிடிச்சும் இருக்காங்க. நான் வயிறு எரிஞ்சு சபிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். குனிஞ்சு கண்ணை மூடிக்கிட்டு இருக்கறவங்க முதுகுக்குப் பின்னாடி பையை வெச்சிட்டுப் போறவன் வீட்டுல யாரும் பிரார்த்தனையே பண்ணினதில்லையா. இதைப் பத்தி இதுக்கு மேல எழுதினா கடிதம் பூரா அவனே உக்காந்துக்குவான், இந்த வீட்டுல அவனுக்கு அவ்வளவு இடம் கிடையாது.

அன்னிக்குச் சாயந்திரம்தான் நீ போன் பண்ணினே. நீ குழந்தை மாதிரி தேம்பினதைக் கேட்டு உங்கப்பா ஆடிப்போயிட்டார். இனிமே அங்கே போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கப்பா, என் தலைமேல சத்தியம் பண்ணுங்கன்னு நீ கேட்டே. அந்த நேரத்துல நீ நிலாவைக் கேட்டிருந்தாலும் அவர் குடுத்திருப்பார். ஆனா உனக்கு ஒண்ணு தெரியாது. தலை அங்கே இருக்கு, கை இங்கே இருக்கு, அப்புறம் எப்படிச் சத்தியம். அதனால போனை என் கையில குடுத்துட்டு, சுவத்துல மாட்டியிருக்கற உன் பட்டமளிப்புப் போட்டோ மேல கையை வெச்சு, உன் தலைமேல சத்தியமா அந்தக் கூடத்துக்குள்ள காலடி எடுத்து வைக்கமாட்டேன்னு சொன்னார். அந்தக் கை ரேகை இன்னும் கண்ணாடியில அப்படியே இருக்கு. துடைக்கப் போனேன், துடைக்காதேன்னுட்டார்.

மறுநாள் தையல்காரர் வீட்டுக்கு வந்தார், செருப்பை வாங்கிக்க. உங்கப்பா அதைத் துடைச்சு ஒரு பையில போட்டு வெச்சிருந்தார். அவர் போட்ட சத்தியம் ஊருக்கே தெரியுமே, எனக்கும் யாரோ சொல்லிட்டாங்க. நான் சமையலறை வாசல்ல கரண்டியோட நின்னேன், கையை ஓங்கினார்னா கரண்டி பேசட்டும்னு. மனுஷன் செருப்பைக் கையில வாங்கினார், புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திடீர்னு அதை ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டு விக்கி விக்கி அழ ஆரம்பிச்சுட்டார். செருப்பை யாராவது கண்ணுல ஒத்திக்குவாங்களா, எனக்குக் கரண்டி கை நழுவிடுச்சு. என் தூண்ல நான் இல்லாம போனது இதாலதானே அக்கான்னார். டீ குடிச்சுக் கொஞ்சம் தெளிஞ்சதும் அவருக்குப் புதுக் கவலை வந்துடுச்சு. கூடத்து வாசல்ல நின்னு அடிப்பேன்னு சத்தியம் பண்ணிட்டேனே, அடிக்கலைன்னா சத்தியம் பொய்யாப் போகும், அடிச்சா என் கை விளங்காமப் போகும், இப்ப நான் என்ன பண்ணன்னு தலையைப் பிடிச்சுக்கிட்டார். இவங்களை விட்டா பொழுது விடியற வரைக்கும் இதையே பேசுவாங்கன்னு நான் குறுக்கே புகுந்தேன். யாரைக் குறிச்சுச் சத்தியம் பண்ணினீங்களோ, அந்த ஆள் வேண்டாம்னு விட்டுக்குடுத்துட்டா தீர்ந்தது கணக்குன்னேன். எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேக்காதே, அந்த நிமிஷம் வாயில வந்துச்சு. தையல்காரர் உடனே எழுந்து நின்னு கையைக் கட்டிக்கிட்டு உங்கப்பா முகத்தையே பார்த்தார். உங்கப்பா கொஞ்சம் யோசிச்சு, தள்ளுபடி அப்படின்னார், ஒரே வார்த்தை. எனக்குச் சிரிப்பு பீறிட்டுட்டு வந்துடுச்சு. தையல்காரரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கறார், தூங்கிக்கிட்டிருந்த உன் தங்கச்சி எழுந்து வந்து ஏன் சிரிக்கறோம்னே தெரியாம சிரிக்கறா. பேத்தி கவுன் அவர் தைச்சதுதான். கூலி எவ்வளவுன்னு கேட்டதுக்கு, போர்டு உண்மையாகட்டும் அக்கான்னுட்டார்.

சாவி அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன பேசறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு நாங்க மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போனா, அவர் உங்கப்பாவைப் பார்த்ததும், வாங்க கண்ணாடிக்காரரே, இனிமே என் செருப்பை மட்டும் உங்களால மாத்த முடியாது, ஒத்தைச் செருப்பை எவன் போடுவான்னு கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரங்க எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்க்கற அளவுக்குச் சிரிச்சோம். அப்புறம் உங்கப்பா அவர் கட்டிலை விட்டு வெளியே வந்து ஒரு மூலையில நின்னு அழுதார், நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். எல்லாரும் வெளியே நிக்கறப்ப அவர் மட்டும் ஃபேனை அணைக்கப் போனாரே, இப்பவும் வீட்டுல ஃபேன் ஸ்விட்சைத் தொடறப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. ஃபேனைப் பத்திக் கேட்டா, நாலு ஃபேன் அணைச்சுட்டேன்மா, ரெண்டுதான் பாக்கின்னு அதுக்கும் சிரிக்கறார்.

சரி, உங்கப்பா கதைக்கு வர்றேன். சத்தியம் பண்ணினவர் ஒரு வாரம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தார். கடைக்குப் போவார், வருவார், பிரார்த்தனை நேரம் வந்தா ஜன்னல் பக்கம் போய் நிப்பார். கூண்டுல அடைச்ச கிளி மாதிரி இருந்துச்சு பார்க்க. அப்புறம் ஒரு நாள் காலையில குளிச்சுட்டுக் கிளம்பறார். எங்கேன்னு கேட்டா கூடத்துக்குன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியம் என்னாச்சுன்னேன். உள்ளே காலடி எடுத்து வைக்கமாட்டேன்னுதானே சொன்னேன், வாசல்ல நிக்கமாட்டேன்னு சொல்லலையேன்னார். வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் அந்த மனுஷன். போனவர் நேரா செருப்பு விடற இடத்துல போய் நின்னுக்கிட்டார். சுத்தம் பண்ணவும் சுண்ணாம்பு அடிக்கவும் தினமும் ஆட்கள் வர்றாங்க, சாவி அண்ணன் இல்ல, வர்றவங்க செருப்பையும் பையையும் யார் பார்த்துக்கறதுன்னு இவரே அந்த வேலையை எடுத்துக்கிட்டார். ஊரே சிரிச்சுது, பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச கதைன்னு. ஆனா ஒரு நல்லது நடந்துச்சுடா. எந்தச் செருப்பு யாரோடது, எந்தப் பை யாரோடதுன்னு பார்க்கணுமே, அதுக்காகக் கண்ணாடி போட்டுக்கிட்டார். கல்யாணமான நாளா நான் கெஞ்சினதுக்கு மசியாத ஆள், செருப்புக்கு மசிஞ்சுட்டார். முதல் நாள் போட்டுக்கிட்டு வந்து என்னை உத்துப் பார்த்து, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுதுன்னு கேட்டார். அன்னிக்கு அவருக்கு நான் டீ போட்டுத் தரலை. இப்ப அந்தக் கண்ணாடியைப் பார்த்துட்டு, இதே மாதிரி வேணும்னு கடைக்கு ஆட்கள் வர்றாங்களாம், அந்தப் பெருமை வேற.

போன வாரம் முதல் பிரார்த்தனை. உள்ளே வேலை முடியலை, சாந்து காயலை. என்ன பண்ணறதுன்னு எல்லாரும் முழிக்கறப்ப தையல்காரர்தான், கண்ணாடிக்காரர் உள்ளே வரமுடியாதுன்னா நாம வெளியே வந்துட்டா போச்சுன்னு அவர் குரல்ல ஒரு அதட்டல் போட்டார். பாயெல்லாம் எடுத்துட்டு வந்து தெருவுலயே விரிச்சு, செருப்புக் குவியலுக்குப் பக்கத்துலயே உக்காந்தோம். வழியில போறவங்க, நம்ம கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாதவங்க, சைக்கிளை நிறுத்திட்டு நின்னாங்க, எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டுத் தண்ணிக் கேனைத் தூக்கிக்கிட்டு வந்தார். பேச்சாளர் இந்தத் தடவை ரொம்பச் சுருக்கமாப் பேசினார், புத்தி வந்துடுச்சு. எனக்கு என்னமோ கல்யாண வீட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சுடா, காரணமே இல்லாம பக்கத்துல இருந்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா பாய் எடுக்கற அவசரத்துல உங்கப்பாவோட ஒரு கால் வாசல்படியில பட்டுடுச்சு. படியிலதான், உள்ளே இல்ல. நெருப்பை மிதிச்ச மாதிரி காலை இழுத்துக்கிட்டார். படி உள்ளே கணக்கா வெளியே கணக்கான்னு என்னைக் கேக்கறார், தையல்காரரைக் கேக்கறார், சுண்ணாம்பு அடிக்கறவரைக்கூடக் கேட்டிருக்கார். ஒரு வாரமா உங்கப்பா போனை எடுத்ததும் முதல் கேள்வியா தலைவலி ஏதும் இல்லையேன்னு உன்னைக் கேக்கறாரே, ஏன்னு யோசிச்சியா. இதுக்குத்தான். நீயும் முந்தாநாள் வேலை அதிகம், லேசா மண்டை இடிக்குதுன்னு சொல்லிவெச்சே. மனுஷன் அன்னிக்குச் சாப்பிடலை.

இப்ப நான் கேக்க வந்ததைக் கேக்கறேன். அடுத்த மாசம் முதல் வாரத்துல கூடத்தைத் திறக்கறாங்க. சாவி அண்ணன் நேத்து வீட்டுக்கு வந்துட்டார், போய்ப் பார்த்தோம். கதவை நான்தான் திறப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார், இப்ப நிஜமாவே ஒத்தைக் கால்தான், இதுவும் அவர் சொன்னதுதான், என்னைத் திட்டாதே. உங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையில எனக்குச் சாவி இருக்கும், இடது பக்கம் எனக்குக் கால் இல்ல, அந்தப் பக்கம் நீங்க நில்லுங்க, உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ளே போவேன், வேற யார் வந்தாலும் வேண்டாம், நீங்க ராசியான ஆள்னு சொன்னார். உங்கப்பாவுக்கு முடியாதுன்னு சொல்ல மனசு வரலை, சரின்னு சொல்லச் சத்தியம் விடலை. வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தார். நான்தான் சொன்னேன், ஆபத்துக்குப் பாவமில்ல, போங்க, ஆண்டவன் புரிஞ்சுக்குவார்னு. அதுக்கு அவர் சொன்னார், ஆண்டவன் கோவிச்சுக்கிட்டா காலைப் பிடிச்சுச் சமாதானம் பண்ணிக்கலாம், பிள்ளை தலைக்கு ஒண்ணுன்னா நான் யார் காலைப் பிடிக்கறதுன்னு. அவரா உன்கிட்டக் கேக்கவும் மாட்டார். பிள்ளை பயந்துபோய் வாங்கின சத்தியம், அதைத் திருப்பிக் கேட்டா பயம் திரும்ப வந்துடும்கறார்.

நீ பயந்தது தப்புன்னு நான் சொல்லலைப்பா. அத்தனை தூரத்துல இருந்துக்கிட்டு அந்தப் புகையைப் பார்த்தா எந்தப் பிள்ளைக்கும் உயிர் போய் உயிர் வரும். எனக்கும் பயம் இருக்கு. பஸ்ல யாராவது பையை வெச்சுட்டு எழுந்தா இப்பவும் எனக்கு வேர்க்குது. இனிமே ஒண்ணும் நடக்காதுன்னு உனக்கு எழுதிக்குடுக்க என்னால முடியாது. ஆனா வீட்டை வித்துட்டு வர்றதைப் பத்தி மட்டும் இனிமே பேசாதே, பேத்தி பொறந்த நாளுக்கு வர்றோம், ஒரு மாசம் இருந்து உன் பொண்டாட்டி சமையலைக் குறை சொல்லிட்டுத் திரும்பி வந்துடுவோம். உங்கப்பா தோளை ஒருத்தர் கேக்கறார்டா. கால் போன மனுஷன், சிரிச்சுக்கிட்டே கேக்கறார். அந்த இடத்துல உங்கப்பா இல்லாம வேற யாராவது நின்னா, அவர் பத்திரமா வீட்டுல இருப்பார், ஆனா நம்ம பழைய ஆளா இருக்கமாட்டார். உன் தலைமேல பண்ணின சத்தியம், உன்னாலதான் எடுக்க முடியும், அந்தச் சட்டத்தைத் தையல்காரர் விஷயத்துல நானே போட்டுட்டேன், இப்ப மாத்தமுடியாது. ஒரே ஒரு வார்த்தை போதும். காரணமெல்லாம் பேசாதே, பேசினா ரெண்டு பேரும் அழுவீங்க. போனை எடுத்து, அப்பா, தள்ளுபடின்னு சொல்லு. அவருக்குப் புரியும்.

காலையில வெறும் வயித்தோட ஓடாதே. மருமகளுக்கு இடுப்புவலின்னா சூடான தண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லு, நீ குடு, அவளே குடுத்துக்க முடியாது. தங்கச்சிக்கு அப்பப்ப நீயா போன் பண்ணு, அவ கேக்கமாட்டா, ஆனா எதிர்பார்ப்பா. பேத்தியை மஞ்சள் கவுன் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, தையல்காரர் கடையில மாட்டணுமாம். நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, நல்ல சிநேகிதமும் நல்ல தூக்கமுமா நூறு வருஷம் இருக்கணும். உன் தலைக்கு ஒரு குறையும் வராது, அதுக்கு நாங்க ரெண்டு பேரும் இங்கே ஆளுக்கொரு பக்கம் காவல் இருக்கோம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வரைக்கும் காத்திருக்காதே, கடிதம் கைக்கு வந்த அன்னிக்கே போன் பண்ணு.

அன்புடன்
உன் அம்மா

எழுத மறந்தது: தள்ளுபடின்னு சொல்றப்ப உன் கையை எடுத்து உன் தலைமேல வெச்சுக்கோ. போன்ல தெரியாதுதான். ஆனா பேசி முடிச்சதும் உங்கப்பா என் பக்கம் திரும்பி, தலையில கை வெச்சுத்தான் சொல்லியிருப்பானான்னு கேப்பார். ஆமாங்கன்னு நான் சொல்லணும், என்னைப் பொய் சொல்ல வெச்சுடாதே.